கேசினோ வசூலில் லாஸ் வேகாஸ்தான் முதலிடமா?

"லாஸ் வேகாஸை எந்த ஊரும் முந்தியதில்லை. வசூல் அதிகம், அதனால் பரிசும் அதிகம்" என்று சுற்றுலா விளம்பரத்தோடு ஒரு தகவல் மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் பரவுகிறது. இரண்டுமே தவறு.

சீனாவில் கேசினோவுக்குச் சட்ட அனுமதி உள்ள ஒரே இடமான மக்காவ், 2006-லேயே வேகாஸின் முக்கிய கேசினோ வீதியான ஸ்டிரிப்பை முந்திவிட்டது. 2019-இல் மக்காவ் வசூல் சுமார் 3,660 கோடி டாலர். ஸ்டிரிப்பில் சுமார் 660 கோடிதான். கொரோனா கட்டுப்பாடுகளால் 2022-இல் மக்காவ் பின்தங்கியது, அடுத்த ஆண்டே மீண்டது.

பரிசு பற்றிய பேச்சுதான் ஆபத்தானது. கட்டிய பணத்தில் ஜெயித்தவர்களுக்குக் கொடுத்ததுபோக மிஞ்சுவதே இந்த வசூல். அதாவது, ஆடியவர்கள் தோற்ற தொகை. தயவுசெய்து இதை நம்பி யாரும் முன்பணம் கட்டாதீர்கள்.