டாக்டர் ஆனதும் சம்பளம் குறைகிறது

முனைவர் பட்டம் வாங்கியதும் வருமானம் குறைந்துவிடும் என்றால் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கும் ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது எஸ்ஆர்எஃப், அதாவது முதுநிலை உதவித்தொகை, ஆனதும் 42,000. தீசிஸ் கொடுத்து, வைவா என்ற வாய்மொழித் தேர்வு முடிந்து, ஆய்வுக்கு வழிகாட்டிய கைடுக்குச் சால்வை போர்த்தி, துறை வாசலில் நின்று போட்டோவும் எடுத்துக்கொள்கிறோம். அப்புறம் அதே ஆள் தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால் 25,000. அதுவும் வருடத்துக்குப் பதினோரு மாதம்தான். மே மாதம் ஒன்றும் கிடையாது.

பக்கத்து வகுப்பில் அதே பாடம் நடத்தும் நிரந்தர உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளமே 57,700. எங்களைப் போன்ற கெஸ்ட் ஆசிரியருக்கு வகுப்புக்கு 1,500 வீதம் மாதம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2019லேயே சொல்லிவிட்டது. அதில் பாதிதான் இங்கே கைக்கு வருகிறது.

நானும் வரலாற்றுத் துறையில் அப்படித்தான் சேர்ந்தேன். பாடம் நடத்துவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதைப் பார்த்தால் எந்தக் களைப்பும் தெரியாது. வலிப்பது வேறு. தீசிஸை உடைத்து இரண்டு கட்டுரையாவது எழுத வேண்டும், அதற்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார வேண்டும். அது திறந்திருக்கும் நாளில் எனக்கு வகுப்பு. லீவு போட்டால் சம்பளத்தில் பிடிப்பு. அட்மிஷன் வேலை, கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் ஃபைல், இன்டர்னல் மார்க் பதிவு எல்லாம் எங்கள் தலையில்தான் விழும். பட்டம் வாங்கிய சூட்டில் எழுதியிருக்க வேண்டியது ஆறிப்போகிறது.

"அனுபவம் கிடைக்குதே" என்பார்கள். சரி, அந்த அனுபவத்துக்கு என்ன மதிப்பு? யுஜிசியின் 2018 விதிமுறையைப் படித்துப் பாருங்கள். பின்னால் நிரந்தரப் பணி கிடைத்தாலும், தற்காலிகமாகவோ ஒப்பந்தத்திலோ வேலை பார்த்த காலம் பதவி உயர்வுக்குக் கணக்கில் வர வேண்டுமானால், அப்போது வாங்கிய மொத்தச் சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாதச் சம்பளத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். குறைத்துக் கொடுப்பது அரசு, குறைவாக வாங்கினாய், அதனால் இந்த வருடங்கள் சேராது என்பது விதிமுறை. இது அநியாயம், வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

நிரந்தரப் பணித் தேர்வாவது ஒழுங்காக நடக்கிறதா? 4,000 இடங்களுக்கு 2024 மார்ச்சில் டிஆர்பி, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியத்தின், அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போனது. தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு வயது, ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு வாங்கிய கடன்.

என்னைக் கேட்டால், யுஜிசி சொன்ன தொகையைப் பன்னிரண்டு மாதமும் கொடுக்க வேண்டும். கெஸ்ட் காலத்தை, சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமல், பணிக்காலமாகச் சேர்க்க வேண்டும். தேர்வு ஆண்டுதோறும் நடக்க வேண்டும். கைடுகள் இந்தக் கணக்கையெல்லாம் முதல் வருடமே மாணவரிடம் வெளிப்படையாகப் பேச வேண்டும். வைவா அன்றைக்கு வாழ்த்துவதோடு நிறுத்தக்கூடாது.

இந்த வருடம் கெஸ்டாகச் சேரும் தம்பி தங்கைகளே, நியமன ஆணை நகலை முதல் நாளே வாங்கி வையுங்கள். வருடம் முடிந்ததும் அனுபவச் சான்றிதழ் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கல்லூரி முதல்வர் மாறிவிட்டால் பழைய கையெழுத்துக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும்.