'உத்தரவிட்டார்' என்று எழுதிய மூன்று வருஷம்

போன வாரம் விளாங்குடியிலிருந்து தெரிந்த தம்பி ஒருவன் கூப்பிட்டான். "அண்ணே, எம்.எல்.ஏ. ஆபீஸ்ல சோஷியல் மீடியா பாக்க ஆள் கேக்குறாங்க. நீங்க இருந்தீங்கல்ல, போகலாமா?" போனில் ரெண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று கமெண்டில் கேட்க வேண்டாம். மதுரை மாவட்டத்தில் பத்துத் தொகுதி இருக்கிறது, அதில் ஒன்று. மூன்று வருஷம் இருந்தேன். சம்பளம் எம்.எல்.ஏ. அண்ணன் கையிலிருந்து வந்தது. குறை சொல்ல முடியாது, தேதி தவறாமல் வந்தது.

காலை ஒன்பது மணிக்கெல்லாம் மனுவோடு ஆள் வந்துவிடும். பட்டா மாறுதல், ரேஷன் கார்டில் பேர் சேர்ப்பு, காலேஜ் சீட், ஸ்டேஷனில் பிடித்து வைத்த டூவீலர் என்று எல்லாம் இருக்கும். அண்ணன் (எல்லாருக்கும் அவர் அண்ணன்தான், அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும்) மனுவை வாங்குவார், நான் போட்டோ எடுப்பேன். அப்புறம் ஒரு காதுகுத்து, ரெண்டு கல்யாணம், ஒரு கேதம், ஒரு நிழற்குடைத் திறப்பு. கேத வீட்டில் மட்டும் போட்டோ எடுப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். அதையும் ரெண்டே மாதத்தில் ஒருவர் முடித்துவைத்தார். இறந்தவரின் மகன். "மாலை போடும்போது ஒண்ணு எடுத்துருங்க தம்பி, பேஜ்ல போட்டு விடுங்க" என்று அவரே வந்து கேட்டார்.

படத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைவிட யார் விடுபட்டார்கள் என்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. ஒரு தடவை வட்டச் செயலாளர் ஒருவரின் தோள்பட்டை மட்டும் தெரிகிற மாதிரி ஒரு படத்தை வெட்டிப் போட்டுவிட்டேன். ராத்திரி பதினொன்றரைக்கு போன். "தம்பி, என் தோளுக்கு மேல தலைன்னு ஒண்ணு இருக்கு, தெரியும்ல?" மறுநாள் காலையில் தலையோடு போட்டோம். அவர் முதல் ஆளாக வந்து லைக் போட்டார்.

இதெல்லாம் சிரிப்பு. எனக்கு உறுத்தலாக இருந்தது ஒரு சொல். 'உத்தரவிட்டார்'.

அநேகமாக தினமும் அந்தச் சொல்லை டைப் அடித்தேன். "சாக்கடை அடைப்பை உடனே சரிசெய்ய அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார்." "தெருவிளக்கு அமைக்க உத்தரவிட்டார்." உண்மையில் ஒரு எம்.எல்.ஏ. மாநகராட்சிப் பொறியாளருக்கோ தாசில்தாருக்கோ உத்தரவு போட முடியாது. அவர் கையில் இருப்பது லெட்டர் பேடு. அந்தக் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துப் பார்த்தால் தெரியும், "தக்க நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்" என்றுதான் இருக்கும். உள்ளே கேட்டுக்கொள்கிற கடிதம், வெளியே உத்தரவு போட்ட பதிவு. ரெண்டையும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே மத்தியானத்தில் நானே தயார் செய்திருக்கிறேன். ஆளுங்கட்சி என்றால் செல்வாக்கு கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் 2022 ஆகஸ்டில் முதலமைச்சரே கட்சி பார்க்காமல் எல்லா எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதிக்குப் பத்து முக்கியக் கோரிக்கைகளை அனுப்பச் சொன்னார். கோரிக்கை என்றுதான் அதற்குப் பெயர். ஆளுங்கட்சிக்காரரும் அங்கே கேட்கிற இடத்தில்தான் நிற்கிறார்.

தொகுதி நிதியும் இதே கதைதான். வருஷத்துக்கு 3 கோடி ரூபாய். அது அண்ணன் பீரோவில் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இன்னமும் உண்டு. அவர் வேலையைப் பரிந்துரைப்பார். எஸ்டிமேட் போட வேண்டும், கலெக்டர் நிர்வாக அனுமதி தர வேண்டும், டெண்டர் விட வேண்டும், அப்புறம்தான் ஜல்லி வந்து இறங்கும். இதில் எந்த இடத்தில் நின்றாலும் திட்டு விழுவது என் பேஜில்.

2011-ல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தது. அப்போது சேர்ந்த ஆனையூர், அவனியாபுரம் பக்கமெல்லாம் பாதாளச் சாக்கடைக்கும் முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாய்க்கும் தோண்டின தெருக்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். குழாய் வேலை முடியாமல் மேலே தார் போட்டால் மறுபடி உடைக்க வேண்டும். இந்த ஒரு வரியை யாராவது தெருக்காரர்களிடம் ஒழுங்காகச் சொல்லியிருந்தால் பாதிக் கோபம் குறைந்திருக்கும். நாங்கள் சொல்லவில்லை, பொங்கல் வாழ்த்து போட்டோம். அதற்குக் கீழே ஒருவர், "வாழ்த்துக்கு நன்றி, கோலம் போட வாசல்தான் இல்லை" என்று எழுதியிருந்தார். மூன்று வருஷத்தில் என் பேஜில் வந்த நல்ல தமிழ் அதுதான்.

சரி, அப்பத்தா விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் ரெண்டு பஸ் மாறி ஒரு அப்பத்தா வந்தார். முதியோர் உதவித்தொகைக்கு மனு. 2023-ல்தான் அதை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கியிருந்தார்கள். அண்ணன் மனுவை வாங்கும்போது, "அப்பத்தா, இங்க பாருங்க" என்றேன். அவர் தோளில் கிடந்த மஞ்சப் பையைக் கீழே வைத்தார், முந்தானையால் முகத்தைத் துடைத்தார், விறைப்பாக நின்று கண் சிமிட்டாமல் கேமராவைப் பார்த்தார். நல்ல படம். அறுநூறு லைக்குக்கு மேல் போனது.

ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். நேராக என்னிடம். "ஏய்யா, போட்டோ சரியா விழுகலையோ? இன்னும் பணம் வரலயே."

ஒரு நிமிஷம் எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது. நான் எடுத்தது விண்ணப்பத்தில் ஒட்டுகிற படம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் அந்த விறைப்பு. அவரைப் பொறுத்தவரை அன்றைக்கு அந்த அறையில் அரசாங்க வேலை பார்த்தவன் நான்தான்.

தனி தாசில்தார் ஆபீஸுக்கு போன் போட்டேன். மனு தள்ளுபடியாகி ரெண்டு வாரம் ஆகியிருந்தது. ஆதாரில் வயது 58 என்று இருக்கிறதாம், 60 ஆகவில்லையாம். அப்பத்தாவுக்கு எழுபதுக்குக் குறையாது, கண்ணால் பார்த்தாலே தெரியும். ஆதாரில் வயதைத் திருத்துவது தனிக் கதை, பிறந்த தேதிக்கு அத்தாட்சி கேட்பார்கள், அவரிடம் எதுவும் கிடையாது. நான் வேலையை விடுகிறவரை அவருக்குப் பணம் வரவில்லை. அது வேறு. மனு தள்ளுபடியானதை அவரிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. அவர் படத்தைப் பார்த்து அறுநூறு பேர் கை தட்டியிருக்கிறார்கள், அவர் மட்டும் தினமும் போஸ்ட்மேனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் கீழவாசல் பக்கம் ஒரு கடையில் நீளக் கணக்கு நோட்டு ஒன்று வாங்கினேன். தேதி, பேர், போன் நம்பர், என்ன மனு, எங்கே அனுப்பினோம், என்ன பதில் என்று கோடு போட்டு, கடைசியில் 'சொல்லியாச்சா?' என்று ஒரு பத்தி. தினமும் இருபது பேருக்கு போன் போட ஆரம்பித்தேன். பாதிப் பேர் எடுத்ததும் கேட்டது, "என்ன தம்பி, எலக்‌ஷன் வந்துருச்சா?"

முக்கால்வாசி போனில் சொல்ல வேண்டியிருந்தது 'இல்லை' என்கிற பதிலைத்தான். ஆச்சரியம் என்னவென்றால் யாரும் சண்டை போடவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா அலைஞ்சிருக்க மாட்டேன்ல" என்று ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். அண்ணனுக்குத்தான் சங்கடம். "இல்லைன்னு சொல்ற வேலைய எனக்கு வாங்கிக் குடுத்துட்டியேப்பா" என்றார். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. 'உத்தரவிட்டார்' என்பதற்குப் பதில் 'பரிந்துரைத்தார்' என்று போடலாம் என்றபோது மட்டும் சுற்றியிருந்தவர்கள் விடவில்லை. "அண்ணனுக்குப் பவர் இல்லைன்னு நீயே எழுதிக் குடுத்துடுவ போல" என்றார்கள். ஒரே ஒரு தடவை, எஸ்டிமேட் எந்த மேசையில் நிற்கிறது என்று உள்ளபடி எழுதிப் பதிவு போட்டேன். எதிர்த்தரப்பு அதை மீம்ஸ் போட்டுக் கொண்டாடியது. நாற்பது லைக். அந்தத் தெருவிலிருந்து மட்டும் அதற்கப்புறம் திட்டு வரவில்லை.

2024 மார்ச் 16, சனிக்கிழமை, மக்களவைத் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். நடத்தை விதி வந்துவிட்டால் எம்.எல்.ஏ. அலுவலகத்தைப் பூட்டிவிடுவார்கள். அதிகாரிகள் வந்தார்கள், பூட்டினார்கள். நோட்டு உள்ளே மாட்டிக்கொண்டது. கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை குறைதீர்க் கூட்டமும் நின்றுபோனது. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கும் திரும்பிவிட்டார், ஜூன் 4-ல் ஓட்டு எண்ணி முடித்தார்கள், நோட்டு அப்போதும் உள்ளேதான் இருந்தது. பேஜ் மட்டும் ஒரு நாள் ஓயவில்லை. பிரசாரப் படங்கள், ட்ரோன் ஷாட், பாட்டு என்று ஒரே திருவிழா.

அந்த நாட்களில் எனக்கு நன்மாறன் ஞாபகம் அடிக்கடி வந்தது. மதுரை கிழக்குத் தொகுதியில் 2001-லும் 2006-லும் ஜெயித்த மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ. மேடையில் பேசினால் எதிர்க்கட்சிக்காரனும் நின்று கேட்டுச் சிரிப்பான். 2021-ல் அவர் கலெக்டர் ஆபீஸுக்கு வந்து, தனக்கு ஒரு வீடு ஒதுக்கித் தரும்படி மனு கொடுத்தார். அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. எந்த டீமும் திட்டம் போட்டு எடுத்த படமில்லை. பத்து வருஷம் மனு வாங்கின கையில் மனு இருந்தது. அந்த அக்டோபரிலேயே இறந்துபோனார். அவரைப் போல எல்லாரும் இருக்க வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை, அது நடக்கிற காரியமும் இல்லை. ஆனால் அவரிடம் யாராவது பேஜ் நடத்தச் சொல்லியிருந்தால் என்ன கிண்டல் பண்ணியிருப்பார் என்று யோசித்துப் பார்ப்பேன்.

ஆக, தம்பி, போ. வேலை மோசமில்லை. ஒரு ஊரில் எந்தக் காகிதம் எந்த மேசையில் நிற்கும் என்று அங்கே கற்றுக்கொள்கிற மாதிரி வேறெங்கும் முடியாது. ஆனால் சம்பளம் பேசுவதற்கு முன்னால் ஒன்று கேள்: மனு நோட்டு யார் கையில் இருக்கும்? உன் கையில் தந்தால் சேர். நோட்டே கிடையாது என்றால், முதல் மாதச் சம்பளத்தில் நீயே ஒன்று வாங்கு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவன் வாட்ஸ்அப் வந்தது. "நோட்டு பத்தி கேட்டேண்ணே. சிரிச்சாங்க. ட்ரோன் ஓட்டத் தெரியுமான்னு கேட்டாங்க. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."