பார்க்காமலே போடும் பட்டியல்

டிசம்பர் பிறந்தால் போதும், அந்த ஆண்டின் சிறந்த படங்கள் எவை என்று வரிசைப்படுத்தும் உற்சாகம் நம் ஊரில் எல்லோரையும் தொற்றிக்கொள்கிறது. அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. நானும் பல ஆண்டுகளாக அதே காரியத்தைச் செய்து வருகிறவன்தான். என் வயிற்றெரிச்சல் வேறு. வரிசையில் ஏற்றியும் இறக்கியும் பேசப்படும் படங்களில் பாதியைக்கூடப் பார்க்காதவர்களே இந்தப் பேச்சில் உரத்த குரலில் பேசுகிறார்கள். உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தவன் வாயைத் திறந்தால், "உங்க டேஸ்ட்டே தனி சார்" என்று ஒரே வரியில் அவன் வாயை அடைத்துவிடுகிறார்கள். 2024-ஆம் ஆண்டு முடியும் இந்த நேரத்தில் என் பொறுமையும் தீர்ந்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

'கொட்டுக்காளி'யிலிருந்தே தொடங்குகிறேன். "அதுக்கு முடிவே இல்லையாம் சார், பாதியில வெட்டி விட்டுட்டாங்களாம்" என்று என் அலுவலக நண்பர் ஒருவர் தேநீர் நேரத்தில் தீர்ப்பளித்தார். படம் பார்த்தீர்களா என்று கேட்டேன். "இல்ல சார், ரிவ்யூ பார்த்தேன்" என்று துளிக் கூச்சமும் இல்லாமல் சொல்லிவிட்டு, அதை ஆண்டின் மோசமான படங்கள் வரிசையில் சேர்த்துவிட்டதாகவும் தெரிவித்தார். நண்பரே, பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லி ஒரு பெண்ணை ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கொண்டுபோகும் குடும்பத்தின் கதை அது. அந்தப் பெண்ணாக வரும் அன்னா பென் ஏறக்குறைய வாயே திறக்காமல் படம் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். அவரை மணக்கப்போகிறவனாக வரும் சூரியோ தொண்டை கட்டிப்போன குரலில் அடக்க முடியாத ஆத்திரத்தோடு கூடவே வருகிறார். பின்னணி இசை என்று ஒன்று இல்லாததால் ஆட்டோவின் இரைச்சலும் சேவலின் கொக்கரிப்பும் சுற்றியிருப்பவர்களின் முணுமுணுப்புமே நம் காதில் விழுந்துகொண்டிருக்கின்றன. வழியில் ஒரு காளை சாலையை மறித்து நிற்கிறது. வீறாப்பாகக் கிளம்பிய அத்தனை ஆண்பிள்ளைகளும் அதன் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, ஒரு சிறுமி வந்து அதைச் சர்வசாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போகிறாள். அந்த ஒரு காட்சியில் உள்ள நக்கலைப் புரிந்துகொண்டவருக்குப் படத்தின் முடிவு ஏன் அப்படி இருக்கிறது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்காது. இதையெல்லாம் எட்டு நிமிடக் காணொளியில் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதைக் கேட்டுவிட்டு எடை போடுகிறீர்கள். சாம்பாரை நாக்கில் வைக்காமல், பக்கத்து இலைக்காரர் முகத்தைப் பார்த்தே உப்புக் குறைவு என்று சமையல்காரரைத் திட்டுவீர்களா?

இதற்குப் பதிலாக, "தியேட்டர்ல ஓடவே இல்லையே, எங்க போய்ப் பார்க்கிறது?" என்று சிலர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 23 அன்று நடந்ததை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. மாரி செல்வராஜின் 'வாழை', வினோத்ராஜின் 'கொட்டுக்காளி', விமலும் கருணாசும் நடித்த 'போகுமிடம் வெகுதூரமில்லை' ஆகிய மூன்றும் ஒரே வெள்ளிக்கிழமையில் வந்து மோதின. மூன்றுமே மெனக்கெட்டுப் பார்க்க வேண்டியவை. ஏற்கெனவே சுதந்திர தினத்துக்கு வந்த 'தங்கலான்' படமும் 'டிமான்டி காலனி'யின் இரண்டாம் பாகமும் திரைகளைப் பிடித்துவைத்திருந்தன. எங்கள் ஊர்த் திரையரங்கில் மூன்றாவது படத்துக்குக் காலை ஒரு காட்சி மட்டும் ஒதுக்கினார்கள். வேலைக்குப் போகிறவன் காலைக் காட்சிக்கு எப்படிப் போவான்? சனிக்கிழமை போனால் ஆள் சேரவில்லை என்று காட்சியையே ரத்து செய்துவிட்டு, "அண்ணே, பக்கத்து ஸ்கிரீன்ல வேற படம் இருக்கு, மாத்தித் தரவா?" என்று கேட்கிறார்கள். நான் பார்க்க வந்த படத்தை நான்தானே தேர்ந்தெடுத்தேன்? பசிக்கு எதையாவது போட்டு அனுப்புகிற மாதிரி படத்தை மாற்றித் தருகிறேன் என்பது என்ன வியாபாரம்? அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் படத்தின் சுவரொட்டி மீது இன்னொரு சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது. இந்த அநியாயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கு வாரம் பொறுத்தால் பெரும்பாலான தமிழ்ப் படங்கள் ஓடிடியில் வந்துவிடுகிற காலம் இது. அப்போதும் பார்க்காமல், ஆகஸ்டில் கேட்ட காணொளியை நம்பி டிசம்பரில் பட்டியல் போடுகிறவரை என்ன சொல்ல?

'மெய்யழகன்' விஷயத்தில் எனக்கு வந்த எரிச்சல் இன்னொரு வகையானது. செப்டம்பர் 27-இல் வந்தபோது அந்தப் படம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடியது. நீளம், நீளம் என்று முதல் நாளிலிருந்தே கூப்பாடு போட்டார்கள். சில நாட்களுக்குள் சுமார் 18 நிமிடத்தை வெட்டி எறிந்தார்கள். தஞ்சாவூர் வீட்டை விட்டு வெளியேறிய ஒருவன், பல ஆண்டுகள் கழித்து உறவுக்காரப் பெண்ணின் கல்யாணத்துக்கு வருகிறான். தன்னை "அத்தான், அத்தான்" என்று உருகி உருகிக் கவனிக்கும் ஒருவனின் பெயர் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. அதைக் கேட்கவும் வெட்கம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு ராத்திரி முழுக்க நீளும் பேச்சுதான் அந்தப் படத்தின் உயிர். கார்த்தி பேசிக்கொண்டே போக, அரவிந்த்சாமியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதற்கு அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. பாதிப் பேச்சில் எழுந்து போகிறவனுக்கு அந்த இளக்கம் எப்படித் தெரியும்? ஜல்லிக்கட்டையும் பழைய வரலாற்றையும் பற்றிய பேச்சு சற்று மேடைப்பேச்சாகப் போய்விட்டது என்பது என் கருத்தும்கூட. இருந்தாலும் அது இயக்குநர் பிரேம்குமார் வைத்த இடத்தில் இருந்தபோது பார்த்துவிட்டு நான் குறை சொல்கிறேன். நறுக்கிய பிறகு பார்த்தவரும் நறுக்காததைப் பார்த்தவரும் ஒரே படத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள் என்பதுதான் வேடிக்கை. அந்தச் சண்டையிலும், இரண்டையும் பார்க்காத என் மைத்துனரின் குரலே ஓங்கி ஒலித்தது. "மாப்ள, படம் ரொம்ப லேக்" என்று அவர் குடும்பக் குழுவில் அனுப்பிய குரல்செய்தி இன்னும் என்னிடம் இருக்கிறது.

முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களின் வாயில் மைக்கைத் திணிக்கும் கூட்டத்தையும் சும்மா விடக் கூடாது. கண் இன்னும் வெளிச்சத்துக்குப் பழகியிருக்காது, அதற்குள் "படம் எப்படி இருக்கு, அஞ்சுக்கு எத்தனை?" என்று கேட்கிறார்கள். மைக்கைக் கண்டதும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, "ஃபர்ஸ்ட் ஹாஃப் ஓகே, செகண்ட் ஹாஃப் சுமார்" என்று ஒப்பிக்கிறார்கள். எந்தப் படமாக இருந்தாலும் இதே வசனம்தான். இந்தத் தொல்லைக்கு மருந்தாகத் தயாரிப்பாளர் தரப்பு கண்டுபிடித்தது அதைவிடப் பெரிய தொல்லை. 'கங்குவா' வெளியாகிக் கடும் விமர்சனம் வாங்கிய சூட்டில், 2024 நவம்பரில், திரையரங்க வளாகத்துக்குள் ரசிகர் பேட்டி எடுக்க விடாதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். படம் வெளிவந்து மூன்று நாளுக்கு விமர்சனமே வரக் கூடாது என்று கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். கருத்துச் சுதந்திரத்தைச் சுட்டிக்காட்டி இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. மறுத்தது சரி. காசு கொடுத்துப் பார்த்தவன் முதல் காட்சி முடிந்த மறுநிமிடமே திட்டலாம், அது அவன் உரிமை. பார்க்காதவனின் வாயை எந்த நீதிமன்றத்தாலும் மூட முடியாது என்பதுதான் என் துக்கம்.

அடுத்து வருகிறார் வசூல் கணக்கர். "நான் 'ஜமா'வை என் முதல் ஐந்தில் வைத்திருக்கிறேன்" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பெண் வேடம் கட்டியே பழக்கப்பட்டுவிட்ட ஒரு தெருக்கூத்துக் கலைஞன், தானும் அர்ச்சுனன் வேடம் கட்ட வேண்டும், தனக்கென்று ஒரு ஜமா, அதாவது கூத்துக் குழு, வேண்டும் என்று ஏங்குகிற கதை. பாரி இளவழகன் தானே எழுதி இயக்கி நடித்திருக்கிறார், இளையராஜா இசை. வேடம் கலைத்த பிறகும் உடம்பிலிருந்து இறங்க மறுக்கும் அந்த நளினத்தையும், அதற்காக ஊரார் செய்யும் கேலியையும் அவர் தாங்கி நிற்கும் விதத்துக்காகவே அதைப் பார்க்கலாம். எதிரில் இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "அது எவ்வளவு கலெக்‌ஷன்?" ஐயா, அந்தப் பணத்தில் உங்களுக்கோ எனக்கோ ஒரு காசு வரப்போகிறதா? லாபமும் நட்டமும் தயாரிப்பாளரின் கவலை. ஆண்டின் வசூல் வரிசையைப் பார்த்துத்தான் ஆண்டின் பிடித்த படங்களை எழுத வேண்டுமென்றால், அதற்கு ரசிகன் எதற்கு, ஒரு கணக்குப்பிள்ளை போதாதா? 'அமரன்' பெரிய வெற்றி, எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் சாய் பல்லவி அழாமல் அமர்ந்திருக்கும் நேரத்துக்காகப் பிடித்தது. தீபாவளி அன்று எத்தனை காட்சி நிறைந்தது என்று எனக்குத் தெரியவும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

"தமிழ்ல என்ன சார் இருக்கு, இந்த வருஷம் மலையாளம்தான்" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தமிழ்நாட்டில் கொண்டாடப்பட்டது நியாயமே. கொடைக்கானல் குகையில் விழுந்தவனை மீட்கும் கதைக்கு நம் கமல் படப் பாட்டே உயிர் கொடுக்கும்போது கைதட்டாமல் யார் இருப்பார்? ஆனால் இப்படிச் சொல்கிறவரிடம் 'உள்ளொழுக்கு' பார்த்தீர்களா, 'கிஷ்கிந்தா காண்டம்' பார்த்தீர்களா என்று கேட்டால், "லிஸ்ட்ல வச்சிருக்கேன்" என்கிறார். அவர் பார்த்த மலையாளப் படம் ஒன்று, தமிழ்ப் படம் இரண்டு. அதை வைத்து இரண்டு மொழிகளுக்கும் மதிப்பெண் போட்டாகிவிட்டது.

'மகாராஜா'வைப் பற்றிய என் ஆத்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'லட்சுமி' என்று பெயர் வைத்த குப்பைத்தொட்டியைக் காணோம் என்று ஒரு முடிதிருத்துபவர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்க வருவதில் தொடங்கி, காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டு, கடைசியில்தான் முடிச்சை அவிழ்க்கிறார் நிதிலன் சாமிநாதன். அந்த முடிச்சை முதல் வாரத்திலேயே படவிளக்கத்தோடு அவிழ்த்துக் குழுவில் போட்ட புண்ணியவான், படத்தைப் பார்த்திருக்கவில்லை. அவருக்கும் யாரோ அனுப்பியதுதான்.

டிசம்பர் முதல் வாரத்திலேயே பட்டியலை முடித்துக் கையைத் தட்டிக்கொள்ளும் அவசரக்காரர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 'விடுதலை'யின் இரண்டாம் பாகம் 20-ஆம் தேதிதான் வந்தது. வெளிவராத அந்தப் படத்தை முன்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நான்காம் இடத்தில் வைத்த மகானுபாவரையும் இந்த மாதம் சந்தித்தேன்.

என் வரிசையைச் சொல்லாமல் இவ்வளவு நேரம் மற்றவர்களைத் திட்டியது நியாயமாகாது. 'கொட்டுக்காளி' முதலிடம். அடுத்து 'லப்பர் பந்து'. கிரிக்கெட்டை வைத்துக்கொண்டு மாமனார்-மருமகன் வீம்பையும் ஊருக்குள் சாதி எப்படி அணி பிரிக்கிறது என்பதையும் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன படம். தினேஷ் மட்டையைத் தூக்கிக்கொண்டு விஜயகாந்த் பாட்டுக்கு நடந்து வரும்போது திரையரங்கில் எழுந்த சத்தத்தை நான் நேரில் கேட்டேன். மூன்றாவது 'மெய்யழகன்', நறுக்காதது. நான்கு 'வாழை', ஐந்து 'ஜமா'. ஆறாம் இடத்தில் 'ஜே. பேபி'யை வைத்தேன்.

அந்த ஆறாம் இடத்துக்காக வீட்டில் இப்போது பெரிய சண்டை நடந்துகொண்டிருக்கிறது. என் மனைவி அதற்கு முதலிடத்துக்குக் குறைந்து எதையும் ஏற்க மாட்டேன் என்கிறாள். தாயைக் காணோம் என்று பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மகன்கள் கல்கத்தா வரை தேடிப் போகும் படம். "ஊர்வசிய விடுங்க, அவங்க எப்பவும் நல்லாத்தான் செய்வாங்க. இத்தனை நாள் காமெடிக்குன்னே பார்த்த மாறன் அந்த மூத்த மகனா எப்படி நடிச்சிருக்கார்னு கவனிச்சீங்களா, இல்ல போனப் பார்த்துட்டு இருந்தீங்களா? கோபத்த முகத்துல வச்சுக்கிட்டே அம்மா மேல இருக்கிற பாசத்த எங்க காட்டுறார்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்கிறாள். எந்த இடம் என்று நான் சொன்னேன். அது இல்லை, வேறொரு இடம் என்கிறாள். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பகுதியை மறுபடி போட்டுப் பார்ப்பதாக முடிவாகியிருக்கிறது.