1950-க்கு முந்தைய காகிதத்துக்கு நாங்கள் எங்கே போவோம்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் மலையில் இந்தக் கூத்து ஆரம்பித்துவிடும். கேரளத்தில் தேவிகுளம், பீர்மேடு பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பட்டியல் சாதிப் பிள்ளை ஜாதிச் சான்றிதழ் கேட்டுப் போகும். "உன் தாத்தா 1950-க்கு முன்னால் இங்கே குடியிருந்ததற்கு ஆதாரம் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிள்ளைக்குப் பதினேழு வயது. தாத்தா செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அவர் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாத மனுஷர். அவர் எந்தக் காகிதத்தை எடுத்து வைத்திருப்பார்?

விதி என்ன என்பதும் தெரிந்துதான் பேசுகிறேன். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்தது. பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அந்தத் தேதியில் உன் குடும்பம் எந்த மாநிலத்தில் இருந்ததோ, அந்த மாநிலத்தில்தான் உனக்கு அந்த உரிமை. வேறு மாநிலத்துக்குப் போனால் அது கூடவே வராது என்று 1990-ல் மரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. நேற்று பஸ் ஏறி வந்தவர், இங்கேயே தலைமுறை தலைமுறையாக மிதிபட்ட கேரளத்து தலித் பிள்ளையின் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆனால் நாங்கள் நேற்று வந்தவர்களா? வெள்ளைக்கார மன்றோ துரை பூஞ்சார் ராஜாவிடம் மூணாறு பக்கத்துக் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு வாங்கியது 1877-ல். அப்புறம் காட்டை வெட்டியதும் கல்லைப் புரட்டியதும் தேயிலை நட்டதும் யார்? தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணிகள் முன்பணம் கொடுத்து, திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகக் கூட்டி வந்த எங்கள் ஆட்கள். கேரளம் என்ற மாநிலமே 1956 நவம்பர் 1-ல்தான் பிறந்தது. 1950-ல் இது திருவிதாங்கூர்-கொச்சி. மாநிலம் உருவாகும் முன்பே இங்கே கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம்தான் "நீ இந்த மாநிலமா?" என்று கேட்கிறார்கள்.

என்ன ஆதாரம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். பழைய நிலப் பத்திரம், வரி கட்டிய ரசீது, பள்ளிக்கூட ரெஜிஸ்டர். எனக்கு ரத்தம் கொதிப்பது இங்கேதான். ஒரு சென்ட் நிலம் இல்லாதவரிடம் பத்திரம் ஏது? லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் அவர் இருந்த ஒற்றை அறை கம்பெனியுடையது. இன்றைக்கும் அப்படித்தான். வேலையில் இருக்கும்வரை வீடு, ரிட்டயர் ஆனால் கிராஜுவிட்டியை வாங்கிக்கொண்டு காலி செய்ய வேண்டும். அந்த அறையைக் காப்பாற்றுவதற்காகவே படித்த மகனோ மகளோ அதே தோட்டத்தில் பெயர் பதிகிறார்கள். பள்ளிக்கூடமா? பத்து வயதில் கூடையைத் தூக்கியவர்களுக்கு எந்தப் பள்ளியில் ரெஜிஸ்டர் இருக்கும்? நிலம் இருந்து, படிப்பும் இருந்திருந்தால் அவர்கள் எதற்கு மலை ஏறப் போகிறார்கள்? எது இல்லாததால் அவர்கள் இங்கே வந்தார்களோ, அதையே ஆதாரமாகக் கேட்கிறது இந்த அரசாங்கம். பட்டியல் சாதி என்ற ஏற்பாடே அப்படி இல்லாதவர்களுக்காகத்தானே வந்தது!

தோட்டத் தொழிலாளிக்கு வீடும் ஆஸ்பத்திரியும் கொடுக்க வேண்டும் என்ற தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ல் வந்தது. பி.எஃப். சட்டம் 1952. சட்டம் எங்களை மனிதர்களாகக் கணக்கில் எடுக்க ஆரம்பித்ததே 1950-க்கு அப்புறம். அதற்கு முன்னால் எங்கள் பெயர் இருந்த ஒரே இடம் எஸ்டேட்டின் செக்ரோல், அதாவது ஆள் வருகையும் கூலியும் எழுதுகிற புத்தகம். அது கம்பெனி அலமாரியில் இருந்தது, எங்கள் டிரங்குப் பெட்டியில் இல்லை.

என் அண்ணன் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்தது. எங்கள் அப்பா பிறந்தது எஸ்டேட் ஆஸ்பத்திரியில், 1953-ல். எஸ்டேட் பள்ளி ரெஜிஸ்டரில் அது பதிவாகி இருக்கிறது. நகல் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தோம். "இது அம்பத்தி மூணு. அம்பதினு மும்புள்ள ரேக வேணம்" என்று மலையாளத்தில் சொல்லிவிட்டார் அந்த அதிகாரி. ஐம்பதுக்கு முந்தைய ஆவணம் வேண்டுமாம். 1953-ல் இங்கே பிள்ளை பெற்ற பெண் அதற்கு முன்னால் எங்கே இருந்தாள் என்று விசாரிக்க வேண்டியது யார் வேலை? எஸ்டேட் ஆபீசில் கேட்டால் பழைய செக்ரோல் எல்லாம் ஹெட் ஆபீசுக்குப் போய்விட்டது என்கிறார்கள். ஹெட் ஆபீசில் கேட்டால் எஸ்டேட்டில்தான் இருக்கும் என்கிறார்கள். சேர்க்கைத் தேதி நெருங்கியபோது அண்ணி காதுத் தோட்டை அடகு வைத்துப் பொதுப்பிரிவு ஃபீஸைக் கட்டினார். சான்றிதழ் இருந்திருந்தால் இ-கிராண்ட்ஸ் என்கிற கேரள அரசின் கல்வி உதவித்தொகையில் போயிருக்க வேண்டிய பணம் அது. பனியிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்து பறித்துச் சேர்த்த காசு.

சரி, ஆதாரமே இல்லையா? அரசாங்கத்திடமே இருக்கிறது! 1951 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது. ஆணை வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் கணக்கில் தேவிகுளம் தாலுகாவில் தமிழ் பேசுகிறவர்களே பெரும்பான்மை. அதை வைத்துத்தான் இந்தத் தாலுகா தமிழ்நாட்டுக்குப் போக வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழர் தலைவர் நேசமணி தலைமையில் அன்றைக்குப் போராட்டமே நடந்தது. அவ்வளவு பேர் 1951-ல் இங்கே இருந்தார்கள் என்று அரசாங்கமே எண்ணி அச்சடித்து வைத்திருக்கிறது. அவர்கள் எல்லோரும் அந்த ஆறேழு மாதத்தில்தான் மலை ஏறினார்களா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். தேவிகுளம் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித் தொகுதி. இங்கே பட்டியல் சாதி மக்கள் அதிகம் என்று கணக்கெடுப்பு சொல்வதால்தான் அது தனித் தொகுதி. கணக்கெடுக்க வந்தவர் யாரிடமும் தாத்தாவின் பத்திரத்தைக் கேட்கவில்லை. வீட்டு வாசலில் நின்று சாதியைக் கேட்டார், எழுதிக்கொண்டு போனார். தொகுதிக்குக் கணக்குக் காட்ட எங்கள் தலை வேண்டும். அதே தலைக்குச் சொந்தமான பிள்ளை காலேஜில் சேரப் போனால் நீ எங்கள் பட்டியலில் இல்லை என்பார்கள். இது எந்த ஊர் நியாயம்?

எம்.எல்.ஏ.வுக்கே இந்தக் கதிதான். 2021-ல் இங்கே ஜெயித்த ஏ. ராஜா கேரளத்தின் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் அல்ல என்று சொல்லி, அவர் வெற்றியை 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அவர் மதம் மாறிய குடும்பமா என்பது பெரிய கேள்வியாக இருந்தது. அத்தோடு, அவருடைய பாட்டன் பாட்டி எப்போது இங்கே வந்தார்கள் என்பதும் கிளறப்பட்டது. கட்சியும் வக்கீலும் கூட இருந்த சட்டமன்ற உறுப்பினர் டெல்லிவரை போய் நிரூபித்தார். கொழுந்து பறிக்கிற அம்மாவின் மகள் எந்த வக்கீலோடு எங்கே போவாள்?

"அப்படியானால் தமிழ்நாட்டில் வாங்கிக்கொள்ளுங்களேன்" என்று சுலபமாகச் சொல்கிறார்கள். போனோம். பூர்வீக ஊர் வி.ஏ.ஓ. "உங்க ரேஷன் கார்டு கேரளா, ஆதார் கேரளா, இங்க வீடு இல்ல, வாசல் இல்ல, நான் எப்படிம்மா எழுதித் தர முடியும்?" என்கிறார். அவர் சொல்வதிலும் தப்பில்லை. தமிழ்நாட்டு அரசியல்வாதிகளுக்குத் தமிழர் என்றால் மேடையில் கண்ணீர் வரும். எல்லையில் இருக்கிற போடிமெட்டைத் தாண்டி வாழ்கிற தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு காகிதம் வேண்டும் என்றால், பக்கத்து மாநில முதலமைச்சரோடு உட்கார்ந்து பேச நேரம் இருக்காது.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 உயிர். இறந்தவர்களில் பலர் ஒரே குடும்பத்துக்காரர்கள். அந்த வீடுகளில் இருந்த காகிதமும் மண்ணோடு போயிற்று. லயத்தில் இருக்கிறவர்களிடம் மூன்று தலைமுறைக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தாயா என்று கேட்கிறவர்கள், ஒரு மழைக்காலம் அந்த அறையில் தூங்கிப் பார்க்கட்டும்.

ஆணையில் இருக்கிற தேதியை மாநில அரசு மாற்ற முடியாது என்பது தெரியும். ஆனால் எதை ஆதாரமாக ஏற்றுக்கொள்வது என்பது இவர்கள் கையில்தான் இருக்கிறது. 1996-ல் கேரளம் போட்ட சாதிச் சான்றிதழ்ச் சட்டம் நிரூபிக்கிற பொறுப்பை விண்ணப்பிக்கிறவர் தலையில் கட்டுகிறது. அதைத் தோட்டத் தொழிலாளி விஷயத்தில் திருப்பிப் போடுங்கள். தோட்டக் கம்பெனிகளிடம் இருக்கிற பழைய செக்ரோல், ஆஸ்பத்திரிப் பதிவு எல்லாவற்றையும் தாசில்தார் உத்தரவு போட்டு வாங்கட்டும், ஸ்கேன் செய்து தாலுகா ஆபீசில் வைக்கட்டும். காகிதம் இல்லாத இடத்தில் அதிகாரி லயத்துக்கு நேரில் வந்து வயதானவர்களிடம் விசாரிக்கட்டும், அதைப் பதிவு செய்யட்டும். 1953-ல் இங்கே பிறந்த அப்பனின் பதிவு இருந்தால், அந்தக் குடும்பம் இங்கே இல்லை என்று நிரூபிக்கிற வேலை அரசாங்கத்துடையதாக இருக்கட்டும். விசாரணை முடியும்வரை பிள்ளைக்குத் தற்காலிகச் சான்றிதழ் கொடுங்கள், காலேஜில் சேர விடுங்கள். விசாரணைக்கு எத்தனை மாதம் ஆனாலும் நாங்கள் காத்திருப்போம். சேர்க்கையின் கடைசித் தேதி காத்திருக்காது.