நைட்ராக்ஸுக்கென்று தனி ரெகுலேட்டர் வாங்க வேண்டுமா?

நைட்ராக்ஸ் என்பது காற்றைவிட ஆக்சிஜன் கூடுதலாக உள்ள டைவிங் வாயு. அதற்கான கோர்ஸ் முடித்த கையோடு பலர் தேடிப்போவது பச்சையும் மஞ்சளுமாக நிறம் பூசிய ரெகுலேட்டரைத்தான், அதாவது சிலிண்டர் வாயுவின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவியை. 40 சதவீத ஆக்சிஜனுக்குள் டைவ் செய்பவருக்கு அது தேவையே இல்லை. அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஆக்சிஜன் அனலைசர் வாங்குங்கள். உயிரைக் காப்பது ரெகுலேட்டரின் நிறமா, சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது என்று நீங்களே அளந்து பார்ப்பதா?

இன்று விற்கும் ரெகுலேட்டர்களில் பெரும்பாலானவற்றை 40 சதவீதம் வரை அப்படியே பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஆனாலும் கையேட்டைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஐரோப்பியத் தரவிதி 22 சதவீதத்துக்கு மேலேயே தனி உபகரணம் கேட்கிறது. அதற்காகவே எம்26 என்ற தனி இணைப்பும் உண்டு. விவரம் தெரியாமல் எம்26 ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (சிலிண்டரில் மாட்டும் பகுதி) வாங்கினால், காற்றுச் சிலிண்டர்களில் வழக்கமாக இருக்கும் டின் (DIN) வால்விலோ யோக் வால்விலோ அது பொருந்தாது. படகில் ஏறிய பிறகு தெரிந்து பயனில்லை.

"நைட்ராக்ஸில் மூச்சு லேசாக வரும், அதற்கேற்ற ரெகுலேட்டர் இது" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். நைட்ராக்ஸ் 32-இன் அடர்த்தி காற்றின் அடர்த்திதான், ஒரு துளி கூடுதல். ஆழத்துக்கு மட்டும் வரம்பு உண்டு: ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.4 பாரைத் தாண்டாமல் இருக்க 32 சதவீதத்துக்கு 33 மீட்டர், 36 சதவீதத்துக்கு 28 மீட்டர், அதோடு சரி. காற்றில் நன்றாக மூச்சு கொடுக்கும் ரெகுலேட்டர் இதிலும் கொடுக்கும்.

40-ஐத் தாண்டினால் கதை வேறு. டிகம்ப்ரஷனுக்கு (மேலே வரும் வழியில் நின்று உடலில் கரைந்த வாயுவை வெளியேற்றுவதற்கு) 50 சதவீதமோ, 6 மீட்டரில் சுத்த ஆக்சிஜனோ எடுப்பவர் அதற்கென்று தனி ரெகுலேட்டர் வைத்தே ஆக வேண்டும். இதில் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கோ தூசியோ இல்லாமல் கழுவியிருப்பது ஒன்று. ஓ-ரிங், சீட், கிரீஸ் எல்லாம் ஆக்சிஜனில் எளிதில் தீப்பிடிக்காதவையாக இருப்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங்குக்குப் பதில் விட்டான் (Viton) அல்லது ஈபிடிஎம் (EPDM) ரப்பர், சிலிக்கான் கிரீஸுக்குப் பதில் கிறிஸ்டோலூப், கிரைடாக்ஸ் போன்றவை வர வேண்டும். விட்டான் குளிர்ந்த நீரில் விறைக்கும், ஈபிடிஎம் கனிம எண்ணெய் பட்டால் உப்பும். அதனால் எதைப் போடுவது என்பதைத் தயாரிப்பாளர் தரும் சர்வீஸ் கிட் (உதிரிபாகத் தொகுப்பு) முடிவு செய்யட்டும். டைட்டானியம் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பக்கமே போகாதீர்கள். அதிக ஆக்சிஜனில் அந்த உலோகமே எரியும். குரோம் பூசிய பித்தளைதான் இதற்கு நல்லது.

தீ எங்கே பிடிக்கிறது? வால்வை வெடுக்கென்று திறக்கும்போது 200 பார் வாயு ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் சிறு அறைக்குள் பாய்ந்து, அங்கே இருக்கும் வாயுவை ஒரே நொடியில் நசுக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுமே, அதே சங்கதிதான். ஆனால் இங்கே வெப்பம் வெளியேற நேரமே இல்லாததால், கணக்குப்படி 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்த இடத்தில் துளி எண்ணெய் இருந்தால் போதும், பற்றிக்கொள்ளும். ஆகவே எந்த வாயுவானாலும் வால்வை மெல்லத் திறங்கள். அழுத்த அளவியின் ஊசி நிதானமாக ஏறி நிற்கட்டும், பிறகு முழுதாகத் திறக்கலாம்.

சுத்தம் செய்த ரெகுலேட்டரைச் சாதாரண கம்ப்ரஸர் காற்று நிரப்பிய சிலிண்டரில் ஒரு தடவை மாட்டினாலும் அந்தச் சுத்தத்தை நம்ப முடியாது. அந்தக் காற்றோடு வரும் எண்ணெய் ஆவி உள்ளே படிந்துவிடும். திரும்பப் பிரித்துக் கழுவித்தான் ஆக்சிஜனுக்குக் கொண்டுவர வேண்டும். 40-க்குள் டைவ் செய்பவருக்கு இந்தக் கவலை ரெகுலேட்டரில் இல்லை, சிலிண்டரில் இருக்கிறது: முதலில் சுத்த ஆக்சிஜனை விட்டு, மேலே காற்றை நிரப்பும் முறையில் சிலிண்டரும் அதன் வால்வும் முழு ஆக்சிஜனைச் சந்திக்கின்றன.

வாங்கும்போது இன்ஃப்ளேட்டர் ஹோஸில் (மிதவை ஜாக்கெட்டுக்குக் காற்று தரும் குழாயில்) ஒரு அளவியை மாட்டி இடைநிலை அழுத்தத்தை, அதாவது ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து வெளியே வரும் அழுத்தத்தைப் பாருங்கள். பல மாடல்களில் 9 முதல் 10 பாருக்குள் இருக்கும். நாலைந்து மூச்சு இழுத்துவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். ஊசி மெல்ல மேலே நகர்ந்துகொண்டே இருந்தால் உயர் அழுத்த சீட் தேய்ந்திருக்கிறது. விட்டுவைத்தால் செகண்ட் ஸ்டேஜ் (வாயில் வைக்கும் பகுதி) தானாக வாயுவைக் கொட்டத் தொடங்கும். சர்வீஸுக்குக் கொடுக்கும் இடத்தில் எந்த கிரீஸ், எந்த ஓ-ரிங் போடுகிறார்கள் என்று கேளுங்கள். உடனே பதில் வராத இடத்தில் ஆக்சிஜன் ரெகுலேட்டரைக் கொடுக்காதீர்கள்.