சாவியைத் திருப்பின பிறகும் ஓடும் எஞ்சின்

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததில் இருந்து முகநூல் முழுக்கக் கனவுக் கார்கள். கிளிநொச்சிப் பெடியள் பிராடோவுக்குப் பக்கத்தில் நிண்டு படம் போடுகிறார்கள். வவுனியாப் பக்கம் வெசல், அக்குவா. வரியெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒரு சின்னக் காருக்கே வயல் விற்க வேண்டும், ஆனாலும் ஆசைப்படுவதில் ஒரு பிழையும் இல்லை. என்னுடைய கனவுக் கார் மொறிஸ் மைனர் 1000. கண்காட்சிக்கு மினுக்கி வைத்த மைனரைச் சொல்லவில்லை. தொண்ணூறுகளில், போர்க்காலத்தில், வன்னிக்குள் மண்ணெண்ணெயில் ஓடின மைனரைச் சொல்கிறேன்.

இந்தக் காரைப் பற்றிக் கதைத்தால் சினிமா விருதுகளைப் பற்றியும் கதைக்கத்தான் வேண்டும். அந்தக் காலத்தைப் படமாக்க வருகிறவர்கள் எங்கேயாவது ஒரு பழைய காரைத் தேடிப் பிடித்துவிடுகிறார்கள். சத்தத்தைத் தேடுவதில்லை. விருது கொடுக்கிறவர்களும் அதைக் காதால் கேட்டுப் பார்ப்பதில்லை.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் வந்தது. 948 சிசி எஞ்சின் 1956இல் பூட்டினார்கள், அதுதான் மைனர் 1000. மொத்தமாகப் பதினாறு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். எங்கள் பக்கம் ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் என்று இந்தக் குடும்பத்துக் கார்கள்தான் வாடகைக்கு ஹயர் ஓடினவை, கலியாணத்துக்குப் பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றினவை. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வெளிக்கிடாத ஹயர் இல்லை. படம் எடுக்கிற தம்பிமார் இலக்கத் தகட்டையும் கவனிக்க வேணும். 1957இல்தான் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அந்த ஒரு எழுத்துக்காகவே தமிழ்ப் பகுதிகளில் எதிர்ப்புப் போராட்டம் நடந்தது. தொண்ணூறாம் ஆண்டுக் கதைக்குள் ஓடும் காரில் இந்தக் காலத்து வெள்ளைத் தகடு தெரிந்தால், அந்தக் காட்சிக்குக் கலை இயக்கம் செய்தவருக்கு என் கையால் ஒரு புள்ளியும் விழாது.

சரி, மண்ணெண்ணெய்க்கு வருவோம். 1990இல் போரோடு எங்கள் பக்கத்துக்கு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடை தொடங்கியதும் பெற்றோல் பொன்னாகிவிட்டது. மண்ணெண்ணெயும் கட்டுப்பாட்டோடுதான் கிடைத்தது, ஆனாலும் கிடைத்தது. பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும், மண்ணெண்ணெய்க்குச் சூடு வேணும். மைனரின் எஞ்சினில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். புகைக் குழாயின் சூடு நேராக மேலே ஏறி, உள்ளே போகும் கலவையைச் சூடாக்கும். இங்கிலாந்துக்காரன் தன் ஊர்க் குளிருக்காகச் செய்த வேலை, எங்களுக்கு மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. இது வன்னியில் முதன்முதல் கண்டுபிடித்த வித்தையும் இல்லை. பெர்குசன் ரி.ஈ.டி. 20 உழவு இயந்திரம் இதே முறைக்கென்றே செய்யப்பட்டது: பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடேறியதும் மலிவான எண்ணெய்க்கு மாற்றுவது. அதன் எஞ்சினில் அழுத்தத்தைக் குறைத்தே செய்திருந்தார்கள். மைனருக்கு அப்படி ஒரு சலுகை இல்லை. எங்கள் கராஜ்காரர் ஸ்பானராலும் காதாலும் அதைச் சரிக்கட்டினார்கள்.

எப்படி என்று கேட்டால், முதல் வேலை பிளக்குகளுக்குப் பொறியைப் பகிரும் டிஸ்ரிபியூட்டரில். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன், அதாவது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் தன்மை, குறைவு. நெருப்புப் பொறி வழமையான நேரத்தில் விழுந்தால், பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே கலவை வெடித்து அதைத் திருப்பி அடிக்கும். அதனால் பொறியைப் பிந்த வைக்க வேணும். கிளாம்பைத் தளர்த்தி, உள்ளே றோட்டர் சுற்றும் அதே திசைக்கு டிஸ்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்புவது. லூக்காஸ் டிஸ்ரிபியூட்டரில் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும், கிளாம்பைத் தொடாமல் அதிலேயே நுணுக்கமாகச் சரிபார்க்கலாம். டிஸ்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் பொயின்ற் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு, பிளக் இடைவெளி 25 பங்கு. எண்ணெயையும் காற்றையும் கலக்கும் எஸ்.யு. காபிறேற்றரின் அடியில், எண்ணெய் வரும் துவாரமான ஜெற்றைப் பிடிக்கும் அறுகோண நட்டை ஒன்றிரண்டு முகம் கீழே இறக்கினால் கலவையில் எண்ணெய் கூடும். மண்ணெண்ணெய் பெற்றோலைவிடத் தடிப்பு, அதே துவாரத்தால் மெதுவாகத்தான் இறங்கும், அதற்காக.

பிறகு ஸ்ரார்ட் பண்ணும் வேலை. போத்தலில் கொஞ்சப் பெற்றோல், அதிலிருந்து சேலைன் குழாய். அதன் உருளையை விரலால் தள்ளித் திறந்தால் காபிறேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விழும். பற்றரி செத்த காலம், ஆகவே எஞ்சினைக் கையால் சுற்றும் ஹாண்டில்தான் அடிக்க வேணும். ஹாண்டிலைப் பிடிக்கும்போது பெருவிரல் மற்ற நாலு விரலும் இருக்கும் பக்கமே இருக்க வேணும். பெருவிரலைச் சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி அடிக்கும்போது விரல் முறியும். நடிகருக்கு இதைச் சொல்லிக் கொடுக்காத இயக்குநரின் படத்தில், ஹாண்டில் அடிக்கும் காட்சியைப் பார்த்தவுடனேயே பழைய ஆக்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். எஞ்சின் நல்லாய்ச் சூடேறின பிறகே மண்ணெண்ணெய்க் குழாயைத் திறப்பது. அவசரப்பட்டால் இருமி இருமி நின்றுவிடும், பிளக் நனைந்துபோகும். பிளக்கைக் கழற்றி, துடைத்து, காயவைத்து, திரும்பப் பூட்டி, மிச்சம் இருக்கும் பெற்றோலில் திரும்பவும் முதலில் இருந்து. இதைவிட முக்கியமானது ஓட்டத்தின் முடிவு. காரை விடப் போகும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே பெற்றோலுக்கு மாற்றிவிட வேணும். காபிறேற்றரின் கிண்ணத்துக்குள் மண்ணெண்ணெய் தங்கினால் அடுத்தநாள் விடிய எந்த ஹாண்டிலுக்கும் எழும்பாது. கிண்ணத்தைக் கழற்றி ஊற்றித்தான் ஆகவேணும்.

என்ன கெடும்? எஞ்சின் ஒயில். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பார்த்தால் அளவு குறையாமல் கூடியிருக்கும். அறியாத ஆள் "ஒயில் குடிக்காத எஞ்சின்" என்று சந்தோசப்படுவான். உண்மையில் ஒயில் தண்ணியாகிவிட்டது. இரண்டு விரலுக்கு இடையில் உரசினால் வழுக்காது, மணத்தில் மண்ணெண்ணெய். அப்படியே ஓடினால் பிஸ்டன் தண்டின் அடியில் இருக்கும் பிக் என்ட் பெயரிங் அடிபடும், பிறகு எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கையே இறக்க வேண்டி வரும். மைனருக்கு ஒயில் கிட்டத்தட்ட மூன்றேமுக்கால் லீற்றர். தடைக்காலத்தில் அந்த ஒயிலும் இலகுவில் கிடைக்காத சாமான். மண்ணெண்ணெயில் ஓடினால் வழமையில் பாதித் தூரத்திலேயே மாற்ற வேணும். அதைச் செய்ய வசதியில்லாமல்தான் பல நல்ல எஞ்சின்கள் போனது. காபனும் படியும், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிச் சுரண்ட வேண்டியிருக்கும்.

(இதை இப்போது எவரும் முயற்சி செய்ய வேண்டாம். கண் எரிக்கும், நெஞ்சை அடைக்கும் புகை. இந்தக் காலத்துக் கார்களுக்கு இது பொருந்தவும் மாட்டாது, இன்ஜெக்டரும் ஒட்சிசன் சென்சரும் நாசமாகிவிடும்.)

எஞ்சினைவிட மைனருக்குப் பெரிய ஆபத்து முன் சில்லில் இருந்தது. சில்லைத் தாங்கி அதோடு திரும்பும் தூணின் அடி, மரை போட்ட ஒரு துண்டுக்குள் சுற்றும். ட்ரன்னியன் என்று பெயர். கிறீஸ் வற்றினால் மரை தேயும், ஒருநாள் தூண் வெளியே கழன்று, சில்லு மடங்கிக் காருக்கு அடியில் போய்ப் படுக்கும். மாரியில் வெள்ளம் நின்ற கிறவல் றோட்டில் ஓடின காருக்கு இது இன்னும் கெதியாக வரும், சேற்றுத் தண்ணி கிறீஸைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறையாவது, காரை ஜக் போட்டுத் தூக்கி, பாரம் இல்லாமல் கிறீஸ் அடிக்கும் துப்பாக்கி வைத்து அடித்தால் பழைய கிறீஸ் விளிம்பால் பிதுங்கி வெளியே வரும். பிதுங்கினால்தான் உள்ளே போனது என்று அர்த்தம். ஒட்டுசுட்டானுக்கும் புதுக்குடியிருப்புக்கும் அந்தக் கார்கள் ஓடினது இந்த ஒரு சொட்டுக் கிறீஸின் தயவில். இன்றைய அக்குவாவுக்கும் எங்கள் புழுதியில் இதுமாதிரி ஒரு பலவீனம் இருக்கிறது. பின் ஆசனத்து ஹைபிரிட் பற்றரிக்குக் காற்று இழுக்கும் விசிறி புழுதியால் அடைபடும், பற்றரி சூடாகும். துப்புரவாக்கினால் போதும். ஆனால் அந்த வழி எங்கே இருக்கு என்று தெரிந்து வாங்குகிறவர்கள் குறைவு. கனவுக் கார் வாங்குகிறவர்கள் விளக்கின் வடிவத்தைப் பார்க்கிற நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்கலாம்.

இனி விருதுக்கு வருகிறேன். 2022 ஒஸ்கார் விழாவில் எட்டு விருதுகளை நேரலை தொடங்க முன்னமே கொடுத்து முடித்தார்கள். ஒலி, படத்தொகுப்பு, தயாரிப்பு வடிவமைப்பு எல்லாம் அந்த எட்டுக்குள். அடுத்த வருடம் திரும்ப மேடைக்குக் கொண்டுவந்தார்கள், ஆனால் அந்த ஒரு வருடமே சொல்லிவிட்டது, யாருடைய உழைப்பை இலகுவில் ஒதுக்கலாம் என்று நினைக்கிறார்கள் என்பதை. அதே இரவில் சிறந்த சர்வதேசப் படத்துக்கான விருதை வாங்கியது 'டிரைவ் மை கார்' என்ற ஜப்பானியப் படம். அதன் உயிரே ஒரு சிவப்பு சாப் 900 காருக்குள் நடக்கும் பேச்சுத்தான். மூலக் கதையில் அது மஞ்சள் நிறம், கூரை திறக்கும் கார். திரையில் கூரை மூடிவிட்டது. திறந்த காரில் காற்று இரையும்போது மெல்லிய குரலைப் பதிவு செய்ய முடியாது. எப்படிப்பட்ட கார் என்று முடிவெடுக்கும் இடத்திலேயே ஒலி தொடங்கிவிடுகிறது.

'புல்லிற்' என்ற 1968ஆம் ஆண்டுப் படத்துக்குப் படத்தொகுப்பு விருது கிடைத்தது. அதன் கார்த் துரத்தலில் ஒரே பச்சை வொக்ஸ்வாகனைத் திரும்பத் திரும்ப முந்துவார்கள். அந்தப் பிழையை எவரும் மன்னிக்கலாம், ஏனென்றால் கியர் மாறும்போது எஞ்சின் உறுமுவது காதுக்குள்ளேயே நிற்கும். 'போர்ட் வி பெராரி' 2020இல் படத்தொகுப்புக்கும் ஒலித் தொகுப்புக்கும் ஒஸ்கார் எடுத்தது. அப்போது ஒலிக்கு இரண்டு விருது இருந்தது, ஒன்று சத்தங்களை உருவாக்கித் தொகுக்கிறவருக்கு, மற்றது எல்லாவற்றையும் கலந்து அளவுபடுத்துகிறவருக்கு. 2021இல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. எஞ்சினைக் கழற்றுகிறவரும் பெயின்ற் அடிக்கிறவரும் ஒரே கராஜில் நின்றாலும் ஒரே வேலை செய்வதில்லை. நல்ல செய்தியும் ஒன்று உண்டு: நூறாவது ஒஸ்காரில் இருந்து சண்டை, சாகசக் காட்சி வடிவமைப்புக்கும் விருது வருகிறது. கார் கவிழ்க்கிறவர்களுக்கும் ஒரு மேடை.

தமிழில் 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஆறு தேசிய விருது எடுத்தது, அதில் ஒலிப்பதிவுக்கும் படத்தொகுப்புக்கும் உண்டு. கதை எங்கள் மாங்குளத்துக் கதை. ஒலிப்பதிவுக்கும் அதில் பங்கு கிடைத்தது நிறைவான விசயம்.

ஆனால் எங்களுடைய குறும்பட விழாக்களில் என்ன நடக்குது? சிறந்த நடிகர், சிறந்த இயக்குநர், சிறந்த ஒளிப்பதிவு, பிறகு விருந்தினர்களுக்குப் பொன்னாடை. ஒலிக்கு ஒரு கேடயம் இல்லை. கேட்டால் "அதை யார் பார்க்கிறது" என்கிறார்கள். பார்க்கிறதுக்கில்லை, கேட்கிறதுக்கு. ஒரு கேடயம் கூட அடிக்கப் பெரிய காசும் இல்லை.

அதற்கு முன்னால் சத்தத்தைப் பதிவு செய்யப் பழக வேணும். போன் மைக்கால் எஞ்சினைப் பதியாதீர்கள். போன் பெரிய சத்தத்தைத் தானாகவே அமுக்கும், சின்னச் சத்தத்தைத் தானாகவே தூக்கும், உறுமலும் மூச்சும் ஒரே அளவாகிவிடும். தனியான ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற், உச்சச் சத்தம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாமல். ஒரு மைக் எஞ்சின் அறைக்குள், விசிறிக் காற்றுக்கும் புகைக் குழாய்ச் சூட்டுக்கும் விலக்கி, பஞ்சு உறை போட்டு. இன்னொன்று சைலன்சருக்கு ஒரு மீற்றர் பின்னால், புகை நேரே அடிக்காமல் சாய்வாக. மூன்றாவது ஆசனத்துக்கு அடியில். ஆளாளுக்குக் கதைக்காமல், நின்ற இடத்தில் ஓட விட்டு இரண்டு நிமிடம், பிறகு ஒவ்வொரு கியரிலும், பிறகு ஏற்றம், பிறகு நிறுத்துவது. மைனரில் சாவியைத் திருப்பியதும் எஸ்.யு. பெற்றோல் பம்ப் "டிக் டிக் டிக்" என்று அவசரமாக அடித்து, கிண்ணம் நிறைந்ததும் அடங்கும். ஓட்டத்தில் அக்சிலேற்றரை விட்டால் பின்னால் "பர்ர்ர்" என்று அவிழும். இந்த இரண்டும் இல்லாமல் மைனர் இல்லை.

மண்ணெண்ணெய்க் காருக்கு இன்னும் இரண்டு. ஏற்றத்தில், பாரத்தோடு, எஞ்சினுக்குள் சில்லறையைக் குலுக்கினது போலக் "கிண்கிண்" என்று அடிக்கும். கலவை நேரத்துக்கு முந்தித் தானே வெடிப்பதன் சத்தம் அது. மற்றது, கார் நின்று சாவியை நிறுத்தும் பக்கம் திருப்பின பிறகு வருவது. பொறி இல்லை, ஆனாலும் உள்ளே படிந்த காபன் தணலாகக் கிடக்கும், அது கலவையைத் தானே பற்றவைக்கும். எஞ்சின் நிற்காது. டொக்... டொக்... டொக்டொக்... என்று ஒழுங்கில்லாமல் காரையே உலுப்பிக்கொண்டு இழுக்கும். சாரதி பிறேக்கை அழுத்திப் பிடித்து, கியரைப் போட்டு, கிளச்சைப் பட்டென்று விட்டு அதை அடக்குவார். கிபிர்ப் போர் விமானம் வரும் சத்தம் கேட்டு, மறைப்புக்குக் குழை கட்டின காரை மரத்துக்குக் கீழ் ஒதுக்கி, எல்லாரும் வானத்தைப் பார்த்துக் காது கொடுக்கும் நேரத்தில், இந்த எஞ்சின் நிற்க மாட்டேன் என்று அடித்துக்கொண்டிருக்கும் அந்த நாலைந்து செக்கன். அதைத் திரையில் கேட்க வைக்கிற தம்பிக்கோ தங்கச்சிக்கோ அந்தக் கேடயத்தைக் கொடுங்கள்.