2019 முதல் தடவை இல்லை

'போக்கிமான் வீடியோ கேம் தொடரில் பழைய உயிரினங்களைப் புதிய பாகத்துக்குக் கொண்டுபோக முடியாமல் போனது 2019-இல் வந்த ஸ்வார்ட், ஷீல்டில்தான் முதல் தடவை' என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அது சரியில்லை தம்பி. 2002-இல் ரூபி, சஃபையர் பாகங்கள் வந்தபோதே, முந்தைய கோல்ட், சில்வரில் வளர்த்தவற்றைக் கொண்டுவர வழி கிடையாது. காரைக்குடியில் ஆயா வீட்டு முகப்பில் உட்கார்ந்து நானும் அண்ணனும் இரண்டு கேம் கருவிகளை இணைக்கும் கேபிளை மாட்டி மாட்டிப் பார்த்தோம்.

அது சோம்பலால் நடந்ததில்லை. ஒவ்வொரு உயிரினத்துக்கும் குணம், தனித்திறன் என்று சேர்த்து, தரவமைப்பையே மாற்றிவிட்டார்கள். பழையது அதில் பொருந்தவில்லை. சேகரிப்பைவிடச் சண்டையின் நுட்பம் அப்போது முக்கியமாகிவிட்டது. நாங்கள் வளர்த்தவை வராவிட்டாலும், பழைய இனங்களில் பல 2004-இல் ஃபயர்ரெட், லீஃப்கிரீன் பாகங்கள் வழியாகத் திரும்பின. அங்கிருந்து ரூபிக்கும் மாற்றிக்கொள்ளலாம், ஏனென்றால் அவற்றின் தரவு ரூபிக்குள் முன்பே இருந்தது. ஸ்வார்டில் பலவற்றுக்குத் தரவே வைக்கவில்லை. அதனால் ரசிகர்களுக்கு வந்த கோபம் எனக்கும் உண்டு.